பன்னிரண்டடிப் படகும் பதினெட்டடிப் படகும்

நத்தைத்தீவில் படகுகள் வேர்விட்ட காலையில், பிரகாசி என்றும்போல மீன்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து, அக்கரைச் சந்தைக்குப் போகிற வள்ளத்தில் ஒரு காலை வைத்து, வைத்த காலுக்கடியில் பச்சையாக ஏதோ பிதுங்கி நிற்பதைப் பார்த்து, "எவம்ல இங்க கொழையக் கொண்டாந்து போட்டது?" என்று வைதுகொண்டே அதைப் பிடித்து இழுத்தாள். கொழுந்து கையோடு வந்தது, வள்ளம் அசையவில்லை. குனிந்து பார்த்தால் பலகைக்குப் பலகை வேர் இறங்கி மணலைக் கவ்விப் பிடித்திருந்தது. அது அவள் புருஷன் கயித்தானின் வள்ளம், அவன் தாத்தா காலத்து மாம்பலகை. கயித்தான் வந்து பார்த்தான், சுற்றிவந்தான், பீடி பற்றவைத்தான். "மாங்கொழுந்துதான்" என்றான்.

அன்று பொழுது சாய்வதற்குள் கரையில் கிடந்த எல்லா வள்ளங்களும் வேர்விட்டு முடிந்திருந்தன. வேம்புப் பலகை வேம்பாகத் தழைத்தது, இலுப்பைப் பலகை இலுப்பையாக. பைபர் படகுக்காரர்கள் மட்டும் மத்தியானம்வரை மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள். பைபர் படகின் வயிற்றுக்குள்ளும் மரச்சட்டம் உண்டு என்பதை மறந்துபோனார்கள். அவையும் வெடித்து, எந்த நாட்டுக் காட்டிலிருந்தோ வந்த ஒட்டுப்பலகையின் பேர் தெரியாத இலைகளை நீட்டின. வீட்டுக் கதவும் கட்டிலும் பேசாமல்தான் கிடந்தன, ஆனால் கடலில் மிதக்கவிட்டால் போதும், அவையும் அப்படியே நின்றுவிடும். அவசரக்காரர் ஒருவர் தன் வீட்டு வாசல்கதவைக் கழற்றித் தெப்பமாக்கிப் பார்த்தார். இடுப்பளவுத் தண்ணீரில் அது தாழ்ப்பாளோடு ஒரு சின்ன மரமாக இன்றைக்கும் நிற்கிறது.

அக்கரைக்காரர்களுக்கு விஷயம் தெரிந்ததும் அவர்கள் படகுகள் எதுவும் இந்தப் பக்கம் மூக்கை நீட்டவில்லை. அதிகாரிகள் ஒருமுறை இரும்பு லாஞ்சில் வந்தார்கள். தீவைச் சுற்றிக் கடலுக்கடியில் ஒரு பாறைச்சுவர் கிடக்கிறது. அதில் ஒரே ஒரு சின்னத் திறப்பு, அதற்கு ஊரில் வாய் என்று பேர். லாஞ்சு வாய்க்குள் நுழையாது என்பதால் வெளியிலேயே நின்று, பயப்பட வேண்டாம் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதன் பிறகு ரேஷன் அரிசி நீல டிரம்களில் மிதந்து, கடல்நீர் ஏறும் ஏற்றத்தோடு வாய் வழியாக உள்ளே வந்தது. இரண்டு வாலிபர்கள் அதே காலி டிரம்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார்கள். நீரோட்டம் அவர்களை எங்கோ தூக்கிப்போக, வேற்றூர் விசைப்படகு ஒன்று காப்பாற்றி வேற்றூரில் இறக்கிவிட, அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு திரும்பாமல் இருந்துவிட்டார்கள். போனவன் திரும்பமாட்டான் என்று அன்றைக்கு ஊர் மனதில் ஒரு பயம் விழுந்தது.

பயம் விழுந்ததே தவிர, பிழைப்பு நின்றுவிடவில்லை. பழகினால் பாம்பும் உறவு என்பதுபோல, மரங்களுக்கும் ஊர் பழகிக்கொண்டது. கிளைகளில் வலை காயப்போட்டார்கள், தொட்டில் கட்டினார்கள், தீவில் அதுவரை யாரும் கேட்டிராத மைனாச் சத்தத்துக்குப் பிள்ளைகள் தூங்கப் பழகின, கயித்தானின் வள்ளம் காய்த்த மாங்காய்க்கு உப்பு தொட்டுக்கொள்ளவே வேண்டாம் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்தார்கள், கரையிலிருந்தே வலை வீசி அன்றைய கறிக்கு மீன் பிடித்துக்கொண்ட ஆண்கள் மீதி நேரத்தில் நிழலில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். கயித்தான் தன் வள்ளத்துக்குள்ளேயே, அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். விடிவதற்குள் கடலுக்குள் போக வேண்டிய அவசியம் பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவனுக்கு இல்லை. "படகே நின்னுட்டு, நாம எங்க ஓட?" என்பான். அவன் முகத்தில் சதை போட்டது.

பிரகாசிக்கு மட்டும் எதுவும் பழகவில்லை. அவளுடைய ஒரே மகள் ஜெசிந்தா அக்கரையில் கட்டிக்கொடுத்து இருக்கிறாள், மருமகன் கப்பலில், மாமியார் கிடையாது, வீட்டில் ஒத்தைப் பொம்பிளை, அதுவும் தலைச்சன் பிள்ளையைச் சுமக்கிறவள். முதல் பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும், அழைத்துவர வழியில்லை, தானாவது போக வேண்டும், அதற்கும் வழியில்லை. அக்கரையின் விளக்குகள் தெரிகின்றன, மாதா கோயில் மணிகூடக் காற்று திரும்பினால் கேட்கிறது. தினமும் சாயங்காலம் போன் வரும்.

"யம்மா, எப்ப வருவ?"

"வாரேன் மக்ளே. வந்துருவேன்."

போனை வைத்துவிட்டு அவள் கரையில் நடப்பாள். எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் புறப்பட்ட இடமே வந்துவிடும். தீவு அவ்வளவுதான்.

அப்போதுதான் மரமே இல்லாத படகு ஒன்று உண்டு என்று யாரோ சொல்லி, ஊர்க்கமிட்டி கூடி, தலைவர் இஞ்ஞாசி பட்டணத்துக் கம்பெனி ஒன்றுக்குப் போன் போட்டார். அந்த வாரமே கோமதிநாயகம் என்கிற விற்பனைக்காரர், வெள்ளை முழுக்கைச் சட்டையும் உயிர்காக்கும் ஆரஞ்சு உடுப்புமாக, பெரிய அலுமினியப் படகு ஒன்றை ஓட்டிக்கொண்டு, அதன் பின்னால் சின்ன அலுமினியப் படகு ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டுக்கும் பின்னால் அவுட்போர்டு மோட்டார். பெரியது பதினெட்டடி, ஓட்டுகிறவர் போகப் பதினாறு பேர் ஏறலாம். சின்னது பன்னிரண்டடி, நாலு பேர். வெயிலில் இரண்டும் கண்ணைக் கூசின. ஊரே ஓடிவந்து தட்டிப் பார்த்தது, சோற்றுப்பானைச் சத்தம் வந்தது.

"எதுனாலும் ஒண்ணை எடுத்துக்கிடுங்க, மத்ததை நான் ஓட்டிட்டுப் போயிருதேன்" என்றார் கோமதிநாயகம்.

"என்னையும் ஏத்திட்டுப் போங்க தம்பி" என்றாள் பிரகாசி, அந்த நிமிஷமே.

இஞ்ஞாசி குறுக்கே கை நீட்டினார். "ஊரு முடிவு பண்ணாம ஒரு தலை வாயைத் தாண்டப்படாது. ஏற்கெனவே ரெண்டு பயலுவளைத் தொலைச்சாச்சு." சொன்னதோடு விடவில்லை. மோட்டாரில் மாட்டுகிற சிவப்புச் சுருள்கயிறு ஒன்று உண்டு, அது மாட்டாவிட்டால் எஞ்சின் கத்தாது. இரண்டு படகின் கயிற்றையும் கழற்றித் தன் இடுப்பு பெல்ட்டில் கோத்துக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து ஊர் கூடியது. சின்னது வாங்கலாம், கடல் வற்றும்போதும் வாயில் நுழையும், ரெண்டு பேர் சேர்ந்தால் கரையில் தூக்கிவிடலாம், பெட்ரோல் கொஞ்சம்தான் குடிக்கும் என்றார்கள் சிலர். நாலு பேர்தானே போகலாம், முதல் நாலு பேர் யார் என்று கேட்டார்கள் மற்றவர்கள். அன்று அதற்குமேல் சின்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்படியானால் பெரியது. கல்யாணம் என்றால் பெண்வீட்டாரை மொத்தமாக ஏற்றலாம், சாவு என்றால் பெட்டியும் தூக்குகிறவர்களும் அடங்குவார்கள். ஆனால் ஏற்றத்தில்தானே வாய்க்குள் போகும், ஏற்றம் தப்பினால் பெட்டியோடு கடலில் நிற்பதா? இப்படிக் கேட்டவருக்கு வீட்டில் சாகக்கிடக்கிறவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் கேள்வி நியாயமானதுதான் என்று அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைத்தார்கள். அடுத்த ஞாயிறு வந்தது, அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. சின்னது என்று முடிவாகப்போகும் நேரத்தில் ஒருவர் பெரியதன் பெருமையைச் சொன்னார், பெரியது என்று கை தூக்கப்போகும் நேரத்தில் ஒருவருக்குத் தும்மல் வந்து சகுனம் சரியில்லாமல் போனது.

"எனக்கு ஒத்த ஆளு போனாப் போதும் அண்ணாச்சி" என்று பிரகாசி எழுந்து நின்று சொன்னாள். "எந்தப் படகுனாலும் சரி. எம்புள்ள ஒத்தையில கெடக்கா."

"ஒனக்கு மட்டும் படகு வாங்க முடியுமாம்மா? ஊருக்குல்லா வாங்குதோம்" என்றார் இஞ்ஞாசி, மிகவும் மரியாதையாக.

கோமதிநாயகம் பிரகாசி வீட்டில்தான் சாப்பிட்டார். முதலில் தினமும் ஆபீசுக்குப் போன் போட்டு, "சார், இன்னும் சைஸ் முடிவாகல" என்று பதறுவார். பிறகு வாரத்துக்கு ஒருமுறை போட்டார். பிறகு முழுக்கைச் சட்டையைக் கிளையில் மாட்டிவிட்டு லுங்கியோடு சீட்டில் உட்கார்ந்தார், மாங்காய் தின்றார், தூங்கினார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் பிரகாசிக்கு மூச்சு முட்டியது. வந்தவனையும் இந்த ஊர் நட்டுவைத்துவிட்டதே என்று நினைத்தாள்.

"யம்மா, எப்ப வருவ?"

"சைஸ் முடிவாகட்டும் மக்ளே."

"என்ன சைஸும்மா? டாக்டரம்மா நாள் சொல்லிட்டாவ."

ஜெசிந்தாவுக்கு நாள் நெருங்கிய வாரத்தில், சீட்டாட்டத்தில் ஆள் குறைந்ததாலோ என்னவோ, திடீரென்று ஊர் பெரியது என்று முடிவுசெய்துவிட்டது. பதினாறு பேர் முதலில், அதில் பிரகாசியும் ஒருத்தி. அவள் அன்று சோறு வடிக்கும்போது தன்னையறியாமல் பாடினாள்.

ஆனால் புதுப் படகு இறக்குவதற்கு அந்தத் தீவில் ஒரு முறை உண்டு. பழைய படகின் அணியத்திலிருந்து, அதாவது முன்மூக்கிலிருந்து, ஒரு சில்லு செதுக்கிப் புதுப் படகின் அணியத்தில் பதிப்பார்கள். அதற்குத் தாய்த்துண்டு என்று பேர். அது இல்லாத படகு தாயில்லாப் படகு, அதில் ஏறினவனைக் கடலுக்கு அடையாளம் தெரியாது, அடையாளம் தெரியாதவனைக் கடல் திருப்பித் தராது.

"ஐயோ, அதுல மரத்தை வைக்காதீய!" என்று கத்தினாள் பிரகாசி. "மரம் இல்லைனுதான இதை வாங்குதீய?"

"அதுக்காவ தாயில்லாப் படகுல ஏறச் சொல்லுதியா?" என்று கேட்ட பெரியவர் நிஜமாகவே அதிர்ந்துபோயிருந்தார்.

ஊர் முட்டாள் இல்லை, யோசித்தது. கயித்தானின் வள்ளத்திலிருந்து தீக்குச்சி அளவுக்கு ஒரே ஒரு சில்லு எடுத்தார்கள். அதை வெயிலில் காயவைத்தார்கள், எண்ணெயில் பொரித்தார்கள், மறுபடி காயவைத்தார்கள், மெழுகில் முக்கினார்கள். இனி இது எப்படி முளைக்கும் என்று சிரித்துக்கொண்டார்கள். பிறகு அணியத்தின் உள்பக்கம் எம்சீல் பசை வைத்து ஒட்டினார்கள்.

மறுநாள் காலை மணியடித்து, வீட்டுக்கு ஒரு கை என்று ஊரே படகைத் தொட்டுத் தள்ள, பதினாறு பேரும் நல்ல உடுப்பில் ஏறி உட்கார்ந்தார்கள். பிரகாசி பட்டுச்சேலை உடுத்தி, பிள்ளைக்கு வெள்ளைத்துணி மடித்து மடியில் வைத்திருந்தாள். கரையில் நின்ற இஞ்ஞாசி சிவப்புக் கயிற்றைக் கொடுக்க, கோமதிநாயகம் எஞ்சினை உசுப்பினார். முதல் அலை அணியத்தில் அடித்துத் தெறித்தது. அலுமினியத் தகடு ஒருமுறை முனகியது, அணியத்தில் ஒரு மாங்கொழுந்து செம்பு நிறத்தில் எட்டிப்பார்த்தது, முழங்கால் தண்ணீரில் படகு நின்றது. அடியில் வேர் இறங்குகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

பிரகாசி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தாள், அழுகை இருக்கும் என்று நினைத்தாள். அந்தப் பதினைந்து முகத்திலும் ஒரு இளைப்பாறல்தான் இருந்தது, பரீட்சை தள்ளிப்போன பிள்ளைகளின் முகத்தில் இருப்பதுபோல. யாரோ ஒருவர் கட்டுச்சோற்றைப் பிரித்தார். "புளிச்சோறு ஊசிப்போவும், சாப்பிடுவோம்" என்றார். நின்ற படகில் உட்கார்ந்தபடியே சாப்பிடத் தொடங்கினார்கள். இவர்கள் போக நினைக்கவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

மடியில் போன் அடித்தது.

"யம்மா... தண்ணி ஒடஞ்சிட்டும்மா. பக்கத்து வீட்டக்கா ஆட்டோக்குப் போயிருக்காவ. பயமா இருக்கும்மா."

பிரகாசி பட்டுச்சேலையோடு தண்ணீரில் குதித்துக் கரைக்கு வந்து இஞ்ஞாசி முன்னால் நின்றாள். "சின்னப் படகு கயித்தைத் தாங்க அண்ணாச்சி."

"அதைப் பத்தி இன்னும் பேசலயேம்மா. ஞாயித்துக்கெழம கூடிப் பேசி, அதுக்கும் ஒரு தாய்த்துண்டு..."

அவள் கெஞ்சவில்லை. கரைமணலில் உட்கார்ந்தாள், கொண்டையை அவிழ்த்து விரித்தாள், மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள், மகளின் பேர் சொல்லி.

"தொட்டில் கட்டக் கயிறு வாங்கி நான் வச்சேனே, ஜெசிந்தா
தூக்கிப் போகக் கயிறு கேக்கும் ஊராச்சே..."

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி! கூடிநின்றவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் நத்தைத்தீவுப் பெண்களுக்கு ஒரு குணம் உண்டு, ஒருத்தி ஒப்பாரி எடுத்தால் மற்றவர்களால் சும்மா நிற்க முடியாது. புளிச்சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஒருத்தி இறங்கி வந்து தோளில் கை போட்டு உட்கார்ந்தாள், பிறகு ஒருத்தி, பிறகு எல்லாரும். கண்ணீர் தானாக வந்தது, பாட்டு தானாக வளர்ந்தது, ஜெசிந்தாவின் கைவளையையும் கால்கொலுசையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஊரே அவளை அடக்கம் செய்யத் தொடங்கியது. இஞ்ஞாசி காதைப் பொத்திக்கொண்டார்.

"நிப்பாட்டு தாயீ! புள்ளத்தாச்சிக்குப் பாடுத பாட்டா இது? இந்தா, பிடி!" என்று சிவப்புக் கயிற்றை அவள் மடியில் எறிந்தார்.

பிரகாசி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தாள். கோமதிநாயகம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். "தாயில்லாப் படகுல போறாளே" என்று பெண்கள் இப்போது நிஜமாகவே அழுதார்கள். அதுவரை ஓரமாக நின்ற கயித்தான், வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சாப்பாட்டுப் பையோடு திரும்பி, இடுப்பளவுத் தண்ணீரில் வந்து அவள் கையில் கொடுத்தான்.

"வழியில சாப்பிடு ஏளா. கையவிட்டுக் கீழ வைக்காத."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்ததில்லை. "நீங்களும் வாங்க" என்றாள்.

"இன்னும் மூணு பேர் ஏறலாம்!" என்று கோமதிநாயகம் கரையைப் பார்த்துக் கூவினார். முதல் நாலு பேர் யார் என்று இத்தனை ஞாயிறு சண்டை போட்ட ஊர் கரையில் நின்றது. யாரும் அசையவில்லை. கயித்தான் திரும்பித் தன் மரத்தைப் பார்த்தான்.

சின்னப் படகு துள்ளிக்கொண்டு ஓடியது. பிரகாசி ஒரு கையால் பையை மடியோடு அணைத்துக்கொண்டு வாயையே பார்த்திருந்தாள். இரண்டு பக்கமும் பாறையில் அலை உடைகிற அந்த இடுக்கில் படகு நுழைந்ததும் உப்புத்தண்ணீர் அவள் மேல் வாரி இறைத்தது. மடியில் ஏதோ அசைந்தது. பையின் தையல் பிரிந்தது. சோற்றுப்பொட்டலத்துக்கு நடுவிலிருந்து மாங்கொழுந்து ஒன்று எட்டிப்பார்க்க, வேர் அவள் விரல்களுக்கிடையே இறங்கிப் படகின் தரையைத் தடவியது. எஞ்சின் திணறியது. பையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு தீப்பெட்டி, தீப்பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி ஒரு சில்லு.

அவளைப் பிடித்துவைக்க நினைத்துச் செய்தவன் அல்ல கயித்தான். அது அவளுக்குத் தெரியும். தாயில்லாப் படகில் அவளை அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, தூக்கிப் போடுங்க! நிக்கப் போவுது!"

இங்கே போட்டால் இங்கேயே முளைக்கும். வாய் அடைந்துபோகும், இனி எந்தப் படகும் உள்ளே போகாது, உள்ளே இருக்கிற யாரும் வெளியே வர முடியாது. அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கரையே தெரியவில்லை, மரங்கள்தான் தெரிந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஆள் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவள் வேரைப் பிய்த்து, பையோடு, சோற்றோடு, அவன் கட்டிக்கொடுத்த எல்லாவற்றோடும் சேர்த்துக் கடலில் எறிந்தாள். எறிந்துவிட்டுக் கதறினாள். முதுகுக்குப் பின்னால் பாறைக்கும் பாறைக்கும் நடுவே மரம் எழுகிற சத்தத்தை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெற்றாள். பெண்பிள்ளை. வெள்ளைத்துணி உப்பில் நனைந்து மொடமொடப்பாக இருந்ததால் வேறு துணி வாங்கிவரக் கோமதிநாயகம்தான் ஓடினார். ஆபீசில் திட்டு வாங்கியதை அப்புறம் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் கயித்தான் போனில் வந்தான்.

"பிள்ள யாரு சாயல்?"

"உங்க மூக்கு."

அவன் சிரித்தான். "வாயில ஒரு மரம் நிக்கி" என்றான்.

"நம்ம மரந்தான்."

"தாயில்லாம ஒன்ன எப்படி ஏளா அனுப்ப? அதான்..."

"தெரியும்."

"டிரம்மு மட்டும் வேருக்குள்ள நுழைஞ்சு வருது. அரிசிக்குக் கொறைவில்ல."

அவனுக்குப் பின்னால் சீட்டுக் குலுக்குகிற சத்தமும் இஞ்ஞாசியின் சிரிப்பும் மைனாக்களும் கேட்டன. ஊர் நிம்மதியாக இருந்தது. பிரகாசி ஜன்னலுக்கு வந்தாள். தூரத்தில், கடலுக்கு நடுவே, ஒத்தை மாமரம் தெரிந்தது.

"நீங்க எப்ப வருவிய?" என்று கேட்டாள்.

"வந்துரலாம். மரத்தை வெட்டணும்லா, ரம்பம் வாங்கணும். கைப்பிடி மரமா இருக்கப்படாது, அது ஒண்ணுதான் முடிவாயிருக்கு. பெரிய ரம்பமா, சின்ன ரம்பமான்னு ஞாயித்துக்கெழம கூடுதோம்."

பிள்ளை பசியில் வீறிட்டது. அவள் போனை அதன் வாயருகே கொண்டுபோய் வைத்து, கையெடுக்காமல் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் சீட்டுச் சத்தம் நின்றது.